ஏழுகிணறு வீட்டு மாடி அறை

மலருக்குக் கட்டுரை கேட்ட நண்பர்கள், நான் ஹைட்ராலிக் பிரஸ் பற்றியோ கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் மின்வெட்டு பற்றியோ ஏதாவது எழுதி அனுப்புவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். மெக்கானிக்கல்காரனிடம் வேறென்ன கேட்பது? ஆனால் பதினைந்து வருடமாகக் காலையில் கம்பெனி பஸ், இரவில் கம்பெனி பஸ் என்று போய் வருகிறவனுக்கு அதைப் பற்றியே மறுபடி எழுதக் கை வரவில்லை. அதற்குப் பதிலாக எங்கள் பக்கத்து மனிதர் ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். ஊர் உலகத்துக்கு அவர் வடலூர்க்காரர். ஆனால் அவர் அம்மா பிறந்த ஊர் பொன்னேரியை ஒட்டிய சின்னக்காவணம். நான் குடியிருக்கும் பெரியபாளையத்தில் பவானி அம்மன் கோயிலைத் தொட்டுக்கொண்டு ஓடும் ஆரணியாறுதான் பொன்னேரிப் பக்கமும் போய்க் கடலைத் தேடுகிறது. அந்த உரிமையில் அவரை நம்மாள் என்று சொல்லிக்கொள்ளலாம்.

இராமலிங்க சுவாமிகள், அதாவது வள்ளலார். அவரைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், புதிதாக என்ன எழுதப் போகிறாய் என்று என் பேட்ச் நண்பர்கள் கேட்பது காதில் விழுகிறது. பசித்தவர்க்குச் சோறு போட்டார், ஜோதியில் கலந்தார், ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ தைப்பூசத்துக்கு லீவு கிடைக்கும். பெரும்பாலோர்க்கு அவ்வளவுதான். எனக்கு அவரிடம் பிடித்த விஷயம் வேறு. சின்ன வயதில் படிப்பு என்றாலே ஓடிய பிள்ளை அவர். வாத்தியார் கைவிட்டார், அண்ணன் சோற்றை நிறுத்தினார். அப்படிப்பட்ட பிள்ளை பிற்காலத்தில் பழைய நூல்களைத் தேடிப் பிழை திருத்தி அச்சில் பதிப்பிக்கிற ஆளாக ஆனது எப்படி என்பதுதான் என் கேள்வி. பக்தர்கள் இதற்கு ஒரே வரியில் பதில் வைத்திருக்கிறார்கள். ஓதாமலே உணர்ந்தவர், அவ்வளவுதான் என்கிறார்கள். எனக்கு அந்தப் பதில் போதவில்லை.

முதலில் கதை. சிதம்பரத்துக்கு அருகில் மருதூர். 1823 அக்டோபர் 5ஆம் தேதி பிறந்தார். அப்பா இராமையாபிள்ளை கிராமக் கணக்கு, பிள்ளைகளுக்குப் பாடமும் சொல்லித் தருவார். அவருக்கு ஆறாவதாக வாழ்க்கைப்பட்டவர் சின்னம்மை. முந்தைய மனைவியர் ஐந்து பேரும் ஒருவர் பின் ஒருவராகக் காலமாகியிருந்தார்கள். சபாபதி, பரசுராமன், உண்ணாமலை, சுந்தரம்மாள் என்ற நால்வருக்குப் பிறகு ஐந்தாவது பிள்ளை இராமலிங்கம். கைக்குழந்தையாக இருக்கும்போதே, 1824இல், அப்பா போய்விட்டார். ஐந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்த அம்மா என்ன செய்வார்? பிறந்த வீடு தேடிச் சின்னக்காவணம் வந்தார். அங்கே சில காலம். பிறகு பிழைப்புக்காகக் குடும்பம் சென்னைக்குப் பெயர்ந்தது. ஏழுகிணறு, வீராசாமிப் பிள்ளைத் தெரு.

ஏழுகிணறு என்ற பெயருக்கு ஒரு சின்ன இடைச்செருகல், என்ஜினீயர் என்பதால் பொறுத்துக்கொள்ளுங்கள். 1772இல் கோட்டைக்குக் குடிநீர் கொண்டுபோக அங்கே கம்பெனிக்காரர்கள் கிணறு தோண்டினார்கள். நல்ல நீர் தந்தவை ஏழு, ஊருக்கு அதுவே பெயராகிவிட்டது. சென்னையின் முதல் குடிநீர்த் திட்டம் என்றே அதைச் சொல்லலாம்.

மூத்தவர் சபாபதிப் பிள்ளைதான் குடும்பத்தைத் தாங்கினார். காஞ்சிபுரம் மகாவித்வான் சபாபதி முதலியாரிடம் படித்தவர், புராணப் பிரசங்கம் செய்து சம்பாதிப்பவர். அந்த வீட்டில் படிப்பு என்பது வெறும் பெருமை இல்லை, அரிசி அதிலிருந்துதான் வர வேண்டும். தம்பி படிக்காவிட்டால் நாளைக்கு அவன் சோற்றுக்கு என்ன செய்வான் என்ற கவலை அந்த அண்ணனுக்கு இருந்திருக்கும். வள்ளலார் வரலாறு எழுதுகிறவர்கள் சபாபதிப் பிள்ளையைக் கொஞ்சம் கடுமையாகத்தான் காட்டுகிறார்கள். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. அப்பா இல்லாத வீட்டில் அப்பா வேலை பார்த்த பையன் அவர்.

அண்ணன் சொல்லித் தந்து பார்த்தார், நடக்கவில்லை. தன் குருவிடமே அனுப்பினார். தம்பியோ பாடசாலைக்குப் போகிற வழியில் கந்தகோட்டத்து முருகன் கோயிலுக்குப் போய் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தான். தேடிப் போன ஆசிரியர் அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு, இவனுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை என்று திரும்பிவிட்டதாகச் சொல்வார்கள். கந்தகோட்டத்தில் பாடிய தெய்வமணிமாலை இன்றும் பலருக்கு மனப்பாடம்.

அந்தக் காலத்துப் பள்ளிக்கூடம் எப்படி இருந்தது என்று தெரிந்தால் பையன் ஏன் ஓடினான் என்பது கொஞ்சம் புரியும். வள்ளலார் பிறப்பதற்கு முந்தைய வருடம், 1822இல், கவர்னர் தாமஸ் மன்றோ சென்னை மாகாணம் முழுக்கப் பள்ளிக்கூடக் கணக்கெடுக்கச் சொன்னார். 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள் என்று வந்தது. கிட்டத்தட்ட 1 கோடியே 28 லட்சம் ஜனத்தொகைக்கு அது. பெரும்பாலும் திண்ணைப் பள்ளிக்கூடங்கள். பொழுது விடிவதற்குள் போக வேண்டும். மணலில் விரலால் எழுத்து, பிறகு ஓலையில் எழுத்தாணி. அரிச்சுவடி, எண்சுவடி, நிகண்டு எல்லாம் பொருள் தெரியாமலே ஒப்பிக்க வேண்டும். கூட்டத்தைச் சமாளிக்கச் சட்டாம்பிள்ளை. தப்பு பண்ணினால் பிரம்பு, அதற்கும் மேலே கோதண்டம், அதாவது கயிற்றில் தொங்கவிடுவது. பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லித்தரும் அந்தச் சட்டாம்பிள்ளை முறையைத்தான் எழும்பூர் அநாதைப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் எடுத்துக்கொண்டு இங்கிலாந்து போய், மெட்ராஸ் முறை என்ற பெயரில் அங்கே பரப்பினார். நம் சட்டாம்பிள்ளை கப்பலேறியது பலருக்குத் தெரியாது.

வாசிப்பது என்பதே அப்போது எவ்வளவு கஷ்டமான வேலை என்பதையும் யோசிக்க வேண்டும். ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள், ஓலை கிழிந்துவிடும் என்று. எகரம் குறிலா நெடிலா தெரியாது. காலுக்கும் ரகரத்துக்கும் வித்தியாசம் இருக்காது. சொற்களுக்கு நடுவே இடைவெளியும் கிடையாது. என்ன சொல் என்று முன்கூட்டியே ஊகித்தால்தான் படிக்க முடியும். அதாவது ஏற்கெனவே அந்த மொழி காதுக்குள் ஊறியிருக்க வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகள் இன்று அச்சுப் புத்தகத்தைப் பார்த்து மிரளுகிறார்கள் என்றால், சுவடியைப் பார்த்து ஒரு ஏழு வயதுப் பையன் மிரண்டதில் என்ன அதிசயம்? பாட்டு அவனுக்குக் காதால் வந்தது. எழுத்துதான் பிடிக்கவில்லை. இது என் ஊகம்தான். ஆனால் ஒரு பிள்ளை மொழி மேல் ஆசையாகவும் பாடத்தின் மேல் வெறுப்பாகவும் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்பதை நான் வீட்டிலேயே பார்க்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

அண்ணனுக்குப் பொறுமை போய்விட்டது. படிக்காத பிள்ளைக்கு இந்த வீட்டில் சோறு கிடையாது, துணியும் கிடையாது என்று மனைவியிடம் கட்டளை போட்டுவிட்டார். இங்கேதான் எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த ஆள் வருகிறார். அண்ணி பாப்பாத்தியம்மாள். கணவர் சொல்லை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் வெளியே போன நேரம் பார்த்துக் கொல்லைப்புறமாகப் பையனைக் கூப்பிட்டுச் சோறு போட்டுக்கொண்டே இருந்தார். ஒருநாள் மாமனாருக்குத் திதி. வீட்டில் எல்லோரும் சாப்பிட்டாகிவிட்டது, இந்தப் பிள்ளை மட்டும் திருட்டுத்தனமாகப் பின்வாசலில் உட்கார்ந்து சாப்பிடுகிறான். அண்ணிக்குக் கண்ணீர் வந்துவிட்டது. நீ கொஞ்சம் படித்தால் இந்த நிலைமை உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம் என்று அழுதுகொண்டே சொன்னாராம். பையனை அசைத்தது அந்த அழுகைதான். பிரம்புக்கு அசையவில்லை, பட்டினிக்கும் அசையவில்லை.

சரி, படிக்கிறேன், மாடியில் எனக்கென்று ஓர் அறை கொடுங்கள் என்று கேட்டான். ஏடுகள், விளக்கு, ஒரு கண்ணாடி. கதவைச் சாத்திக்கொண்டான். சாப்பாட்டு நேரம் தவிர வெளியே வருவதில்லை. அப்போது வயது ஒன்பது என்று வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். கண்ணாடியில் திருத்தணி முருகன் காட்சி கொடுத்தது அந்த அறையில்தான். தணிகையும் எங்கள் திருவள்ளூர் மாவட்டம்தான் என்பதை இங்கே சொல்லாமல் விட முடியாது.

காட்சியைப் பற்றி வாதம் பண்ண நான் யார்? அவரே தன்னைப் படிப்பித்தது இறைவன்தான் என்று பல பாடல்களில் பாடியிருக்கிறார். அது அவர் அனுபவம். நான் சொல்ல வருவது, அந்த அறையில் ஏடுகளும் இருந்தன என்பதை நாம் மறந்துவிடுகிறோம். கண்ணாடியை ஞாபகம் வைத்துக்கொண்டோம், ஏட்டை விட்டுவிட்டோம். பையன் கேட்டதே வித்தியாசமான கோரிக்கை. வாத்தியார் வேண்டாம், ஒப்பித்தல் வேண்டாம், தனியாக விடுங்கள் என்கிறான். யாரும் பார்க்காத இடத்தில், தடுக்கித் தடுக்கி, தன் வேகத்தில், தான் பாடிய முருகனைப் பற்றித் தானே ஏட்டில் தேடிப் படிக்கிற சுதந்திரம் அது.

அதற்குப் பிறகு நடந்ததையும் பாருங்கள். அண்ணன் பிரசங்கத்துக்குப் போகும்போது தம்பி கையேடு வாசிக்கிறவனாகக் கூடப் போனான். புராணப் பிரசங்கத்தில் இது ஒரு தனி வேலை. ஒருவர் ஏட்டிலிருந்து பாட்டை வாசிப்பார், மற்றவர் பொருள் விரித்துச் சொல்வார். எங்கள் கம்பெனி பாஷையில் சொன்னால் அப்ரண்டிஸ். சீனியர் எப்படிப் பிரிக்கிறார், எங்கே நிறுத்துகிறார், கூட்டம் எதற்குத் தலையாட்டுகிறது எல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற பயிற்சி. ஒருநாள் அண்ணனுக்கு உடம்பு சரியில்லை. முத்தியால்பேட்டையில் ஒரு செட்டியார் வீட்டில் பெரியபுராணத் தொடர் பிரசங்கம். இன்றைக்கு வர முடியவில்லை, நான்கு பாட்டு மட்டும் பாடிவிட்டு வந்துவிடு என்று தம்பியை அனுப்பினார். போன பிள்ளை சேக்கிழார் வரலாற்றை எடுத்து நள்ளிரவு வரை பேசினான். கூட்டம் எழுந்திருக்கவே இல்லை. இனி இவரே பேசட்டும் என்று ஊரார் கேட்டுக்கொண்டார்கள். அப்போது வயது பன்னிரண்டு என்பார்கள். அப்படியென்றால் ஏறக்குறைய 1835. இந்தியர்கள் லைசென்ஸ் தொல்லையில்லாமல் அச்சகம் வைத்துக்கொள்ள வழி விட்ட மெட்காஃபின் சட்டமும் அதே 1835இல்தான் வந்தது. பையனுக்கு வாசிப்பு வந்த நேரமும் தமிழ்ப் புத்தகங்களுக்கு அச்சு எந்திரம் வந்த நேரமும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டன.

நடுவில் பல வருடம் திருவொற்றியூருக்கு நடந்தே போய் வருவது, பாடுவது என்று போயிற்று. திருவள்ளூர் வீரராகவரையும் பாடியிருக்கிறார், திருமுல்லைவாயிலையும் பாடியிருக்கிறார். எங்கள் மாவட்டத்து வரைபடத்தையே பாட்டில் வைத்திருக்கிறார் என்று சொல்லலாம். இருபத்தேழு வயதில் வீட்டார் வற்புறுத்தி அக்கா மகள் தனகோடியைக் கல்யாணம் செய்து வைத்தார்கள். முதலிரவில் திருவாசகத்தை எடுத்து வைத்து விடிய விடியப் படித்துக்கொண்டிருந்தார் என்று எல்லா வரலாற்றிலும் இருக்கிறது. பக்தர்கள் இதை வைராக்கியம் என்கிறார்கள். அந்தப் பெண்ணின் பக்கம் நின்று யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. எனக்கு அந்த இடத்தைப் படிக்கும்போது எப்போதும் சங்கடம்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி அவர் பதிப்பித்த புத்தகங்கள். இதுதான் நம்மவர்கள் பேசாத பகுதி, ஆகவே கொஞ்சம் விரிவாக. 1851இல் ஒழிவிலொடுக்கம். சீகாழிக் கண்ணுடைய வள்ளல் எழுதிய சாத்திர நூல், சாதாரண ஆள் தொட முடியாத நூல். அதைப் பதிப்பித்து வெளியிட்டபோது இவருக்கு இருபத்தெட்டு. 1854இல் மனுமுறை கண்ட வாசகம், இது இவரே எழுதிய உரைநடை. கன்றை இழந்த பசுவுக்காக மகனைத் தேர்க்காலில் இட்ட சோழன் கதை. செய்யுளே எழுத்து என்றிருந்த காலத்தில் சாதாரண ஜனங்கள் படிக்கிற மாதிரி வசனம் எழுதினார். 1855இல் தொண்டமண்டல சதகம். படிக்காசுப் புலவர் பாடியது. தொண்டைநாடு என்றால் எங்கள் பெரியபாளையமும் பொன்னேரியும் எல்லாம் சேர்ந்ததுதான், ஆகவே எங்கள் மண்ணைப் பற்றிய நூலை அச்சேற்றியவர் அவர். அதில் ஒரு சண்டை வந்தது. பெயரைத் தொண்டமண்டலம் என்று எழுதுவதா, தொண்டைமண்டலம் என்று எழுதுவதா என்று. ஐகாரம் ஒன்றுக்காக. இவர் நூற்பெயர் இலக்கணம் என்று தனியாக ஒரு விளக்கமே எழுதினார். இலக்கண நூல்களையும் பழைய உரைகளையும் கரைத்துக் குடித்தவனால்தான் ஓர் எழுத்துக்காக அவ்வளவு எழுத முடியும். 1857இல் சின்மய தீபிகை.

சுவடி பார்த்துப் பதிப்பிப்பது என்றால் என்ன வேலை என்று நினைக்கிறீர்கள்? ஒரே நூலுக்குப் பிரதிகள் தேட வேண்டும், ஒப்பிட வேண்டும். எழுதினவன் விட்ட இடம், பூச்சி அரித்த இடம், புள்ளியில்லாத எழுத்து எல்லாவற்றையும் சரிபார்க்க வேண்டும். பிறகு அச்சுக்கோர்ப்பவன் செய்யும் பிழைகள். பழைய மெஷினுக்கு டிராயிங் இல்லாமல் ஸ்பேர் செய்கிற வேலை பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். ஓதாமலே எல்லாம் வந்துவிட்டது என்று ஒரே வரியில் முடித்தால், அந்த மனிதர் விளக்கு வெளிச்சத்தில் கண்ணைச் செலவழித்த வருடங்களை நாம் திருடிக்கொள்கிறோம். நூற்றுக்கணக்கான மூலிகைகளின் பெயரும் குணமும் எழுதி வைத்த அட்டவணை ஒன்றும் அவருடையது இருக்கிறது. அதுவும் உட்கார்ந்து படித்துத் தொகுத்த வேலைதான்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் வீட்டில் இருக்கிறது. என் அக்கா மகனுக்கு ஒன்பது வயது. எதிர் வீட்டில்தான் இருக்கிறார்கள். புத்தகத்தைத் திறந்தால் வயிற்றுவலி. ஆனால் ஆடி மாசம் அம்மன் கோயில் ஸ்பீக்கரில் ஓடும் பாட்டு முழுக்க அவனுக்கு மனப்பாடம், ஒரு வரி பிசகாமல் பாடுவான். ஒரு டியூஷன் சென்டரில் சேர்த்தார்கள், இரண்டு மாதத்தில் இவனுக்கு வராது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாமா வெல்டர், நாள் முழுக்கக் கண்ணாடி மாட்டி நெருப்பைப் பார்த்துவிட்டு வருகிறவர். நான்தான் படிக்காமல் இந்த நிலைமை, நீயாவது என்று ஆரம்பித்து அடியில் முடியும். கோவிட் சமயம் 2020, 21இல் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தபோது எழுத்துக் கூட்ட வேண்டிய வயதைத் தாண்டிவிட்ட பிள்ளைகள் எங்கள் தெருவிலேயே நிறைய. இவன் அப்போது சின்னக் குழந்தை, அந்தச் சாக்கும் இவனுக்கு இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை ஸ்கூட்டரில் வைத்துச் சின்னக்காவணம் அழைத்துப் போனேன். ஜனப்பன்சத்திரம் கூட்டுரோடு போய், வடக்கே தச்சூர் கூட்டுரோட்டில் திரும்பினால் பொன்னேரி. போகிற வழியில் கதையைச் சொல்லிக்கொண்டே போனேன். முருகன், கண்ணாடி எல்லாம் கேட்டுவிட்டு அவன் கேட்ட ஒரே கேள்வி, அந்த அண்ணி கடைசி வரைக்கும் மாட்டிக்கவே இல்லையா மாமா என்பதுதான். எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் சொன்னேன். அக்கா சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். மறுநாளிலிருந்து மாமா ஷிப்டுக்குப் போன பிறகு தினமும் அரைமணி நேரம் அவன் எங்கள் வீட்டு மாடிக்கு வருகிறான். கதவைச் சாத்திக்கொள்ளலாம், என்ன படித்தாய் என்று யாரும் கேட்க மாட்டோம் என்பது மட்டும்தான் ஒப்பந்தம். என்ன செய்கிறான் என்று எனக்குத் தெரியாது. பாட்டுப் புத்தகம் ஒன்று இடம் மாறியிருந்தது, அதை மட்டும் பார்த்தேன்.

வள்ளலாரிடம் திரும்புவோம். தான் கஷ்டப்பட்டுச் சேர்த்ததை அவர் பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. 1849இல் அவரிடம் வந்து சேர்ந்தவர் தொழுவூர் வேலாயுத முதலியார். வரும்போது தானே எழுதிய செய்யுளைச் சங்கப் பாட்டு என்று கொடுத்துச் சோதித்தாராம். இது சங்கப்பாட்டு இல்லை என்று பார்த்த உடனே சொல்லிவிட்டார் இவர். நடை, சொல், இலக்கணம் இவற்றைப் படித்துப் பழகிய கண் அது. பிறகு அதே வேலாயுத முதலியாரைக் கொண்டு பொதுஜனங்களுக்குத் திருக்குறள் வகுப்பு நடத்தச் செய்தார். குறள் என்றால் வித்துவான்கள் சொத்து என்றிருந்தபோது, யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்று ஒரு வகுப்பு. வேலாயுத முதலியார் பிற்காலத்தில் சென்னை மாநிலக் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராக இருந்தார்.

1857, 58 வாக்கில் சென்னையை விட்டார். கருங்குழியில் ஒரு ரெட்டியார் வீட்டில் பல வருடம் தங்கினார். 1865இல் சங்கம், 1867 மே 23ஆம் தேதி வடலூரில் தருமசாலை. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. இந்தப் பகுதி எல்லோருக்கும் தெரியும், நான் நீட்டவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். கொல்லைப்புறத்தில் ஒளிந்து சாப்பிட்ட பிள்ளை பெரியவனாகி முன்வாசலில் யார் வேண்டுமானாலும் வந்து சாப்பிடலாம் என்று சாலை திறந்ததைப் படிக்கும்போது எனக்குப் பாப்பாத்தியம்மாள்தான் ஞாபகம் வருகிறார். வடலூரில் பாடசாலையும் வைத்தார். தமிழ், சமஸ்கிருதம், இங்கிலீஷ் மூன்றும். சின்னவர்கள் மட்டுமில்லை, வயதானவர்களும் வந்து படிக்கலாம் என்று ஏற்பாடு. முதியோர் கல்வி என்ற வார்த்தை நம் சர்க்கார் நோட்டீஸில் வருவதற்கு எத்தனையோ வருடம் முன்பு அது.

அவர் பாட்டுகள் அச்சான கதையும் ருசியானது. அவருக்கு வெளியிடவே விருப்பமில்லை. இறுக்கம் இரத்தின முதலியார் என்ற அன்பர் விடாமல் கடிதம் எழுதினார். பாடல்கள் கைக்கு வரும் வரை ஒருவேளை சாப்பாடுதான் என்று விரதம் வேறு. தான் பட்டினி கிடந்தவன், அடுத்தவன் பட்டினி கிடப்பதைத் தாங்குவானா? இறங்கி வந்தார். 1867இல் வேலாயுத முதலியார் வகுத்துக் கொடுக்க, திருவருட்பா முதல் நான்கு திருமுறைகள் சென்னையில் அச்சாயின. தலைப்பில் இராமலிங்கசாமி என்று போட வேண்டாம், அது ஆரவாரமாகத் தெரிகிறது என்று கடிதம் எழுதினார். அந்தப் பெயரை எடுத்துவிட்டு வேலாயுத முதலியார் திருவருட்பிரகாச வள்ளலார் என்று போட்டுவிட்டார். சாமியைத் தவிர்க்கப் போய் அதைவிடப் பெரிய பட்டத்தில் மாட்டிக்கொண்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்தப் புத்தகத்தை வைத்து யாழ்ப்பாணம் ஆறுமுக நாவலர் தரப்போடு பெரிய தகராறு, துண்டுப் பிரசுரங்கள், 1869இல் மஞ்சக்குப்பம் கோர்ட்டு வரை போன வழக்கு. இரண்டு பக்கமும் தமிழ் மேல் உயிரை வைத்தவர்கள். அது தனிக் கட்டுரைக்கு உரிய விஷயம்.

1872 ஜனவரி 25, தைப்பூசத்தன்று வடலூரில் சத்திய ஞானசபை திறந்தார். எண்கோணக் கட்டிடம். உள்ளே ஏழு நிறத் திரைகள், அவற்றுக்குப் பின்னே கண்ணாடி, விளக்கு. தைப்பூசத்துக்குப் போனவர்கள் எல்லோரும் திரைகள் விலகுவதைப் பார்த்திருப்பீர்கள். ஏழுகிணறு மாடி அறையில் இருந்தவை எவையோ அவையே அங்கேயும் இருக்கின்றன. ஏடு மட்டும் இல்லை. அப்போது அவருக்கு அது தேவைப்படவில்லை போலும், கடைசி வருடங்களில் சாத்திரங்களைக்கூடப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள் என்றே சொல்லிவந்தார். இதை வைத்துக்கொண்டு படிக்கவே வேண்டாம் என்றார் பார் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. ஒழிவிலொடுக்கத்தைப் பதிப்பித்துவிட்டுச் சொல்கிறவர் அப்படிச் சொல்வது வேறு, ஒன்றையும் திறந்து பார்க்காதவன் சொல்வது வேறு என்பது என் கட்சி.

1874 ஜனவரி 30 இரவு மேட்டுக்குப்பம் சித்திவளாகத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பிறகு யாரும் அவரைப் பார்க்கவில்லை. தென்னாற்காடு கலெக்டராக இருந்த கார்ஸ்டின் 1878இல் வெளியான ஜில்லா மானுவலில்கூட இதைக் குறித்திருக்கிறார். அதன் பின் 1880இல் ஐந்தாம் திருமுறை, 1885இல் ஆறாம் திருமுறை வெளிவந்தன. அவர் எழுதிய கடிதங்களையும் சேர்த்து ஆ. பாலகிருஷ்ண பிள்ளை 1931 தொடங்கி 1958 வரை பன்னிரண்டு புத்தகங்களாகப் பதிப்பித்தார். இருபத்தேழு வருடம் ஒருவர் படைப்பையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தப் பதிப்பாசிரியரைப் பற்றியும் யாராவது அடுத்த மலரில் எழுதலாம். அந்தக் கடிதங்களைக் கட்டாயம் பாருங்கள். சாமியாக இல்லாமல், பணம் அனுப்பினேன், புத்தகம் வந்ததா, உடம்பைப் பார்த்துக்கொள் என்று விசாரிக்கிற சாதாரண மனிதராக அவர் தெரிவது அங்கேதான்.

ஏழுகிணறு வீட்டுக்கு இன்றும் ஆட்கள் போய்ப் பார்த்து வருகிறார்கள். ரீயூனியனுக்கு வெளியூரிலிருந்து வருகிற நண்பர்கள் ஒரு நாள் கூடுதலாகத் தங்குவதாக இருந்தால் சொல்லுங்கள். காலையில் ஏழுகிணறு, கந்தகோட்டம். மதியம் பொன்னேரிப் பக்கம் வந்து சின்னக்காவணம் பார்த்துவிட்டு, சாயங்காலம் பெரியபாளையத்தில் எங்கள் வீட்டில் சாப்பாடு. ஆடி மாதமாக இருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊருக்குள் ஸ்கூட்டரே நுழையாது.